மோர்மன் முன்னோடி ஜேன் மேனிங் ஜேம்ஸ்: இவ்வளவு நடந்தும் ஏன் அந்தச் சபையை விட்டுப் போகவில்லை?

உப்புஏரிக்காரன்:

வேலை நிமித்தமாக யூட்டா பக்கம் வந்து சேர்ந்தவன் நான். இங்கே ஜூலை 24 மாநில விடுமுறை. 1847-ல் மோர்மன்கள் என்ற சமயப் பிரிவினரின் தலைவர் பிரிகாம் யங், அவர்களுடைய முதல் கூட்டத்தோடு சால்ட் லேக் பள்ளத்தாக்கில் வந்து இறங்கிய நாள். ஊர்வலம், வாணவேடிக்கை, பழைய கூண்டு வண்டிகள் என்று ஊரே அமர்க்களப்படும். வண்டிகளில் வருகிற வேடங்கள் பெரும்பாலும் தாடி வைத்த வெள்ளைக்காரர்களும் அவர்களுடைய மனைவிமார்களும்தான். ஆனால் அதே 1847-ல் கணவனோடும் பிள்ளைகளோடும் வந்து குடியேறிய ஒரு கறுப்பினப் பெண்ணும் உண்டு, பெயர் ஜேன் மேனிங் ஜேம்ஸ் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். 1908-ல் சாகும்வரை இந்த ஊரில்தான் இருந்தாராம்.

அவர் சொன்ன அடுத்த விஷயம்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அம்மா தனக்கும் எல்லோருக்கும் கிடைக்கிற சடங்குகள் வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கேட்டாராம், சபை மறுத்துவிட்டு, கடைசியில் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்துக்கு 'மறுமையிலும் வேலைக்காரி' என்று ஒரு சடங்கு செய்து வைத்ததாம். முதலில் கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். உண்மையா இது? உண்மை என்றால் அந்த அம்மா ஏன் அங்கேயே இருந்தார்? சாவுச் சடங்காவது மரியாதையாக நடந்ததா? மோர்மன் சமாச்சாரம் எனக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது, அடியிலிருந்து சொன்னால் நல்லது. மதச் சண்டை மட்டும் வேண்டாம் சாமி.

---

பழையஏடு:

உண்மைதான். ஆனால் சடங்கிலிருந்து ஆரம்பித்தால் ஆளைத் தவறவிட்டுவிடுவோம், அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. ஜேன் அடிமையாகப் பிறந்தவர் இல்லை. பலர் அப்படி நினைத்துக்கொள்கிறார்கள். கனெக்டிகட் மாநிலத்தில் வில்டன் என்ற ஊரில், 1820-ஐ ஒட்டி, சுதந்திரமான கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். அம்மாதான் ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவர். அப்பா சீக்கிரம் இறந்துபோனதால் சின்ன வயதிலேயே ஒரு வசதியான வெள்ளைக் குடும்பத்தில் வீட்டு வேலைக்குப் போனார். கல்யாணத்துக்கு முன்பே சில்வெஸ்டர் என்று ஒரு மகன். தகப்பன் யார் என்று கடைசிவரை அவர் வாயிலிருந்து வரவில்லை. 1840-களின் தொடக்கத்தில் சார்லஸ் வாண்டெல் என்ற மோர்மன் பிரசங்கியின் பேச்சைக் கேட்டு ஞானஸ்நானம் எடுத்தார், அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரையும் தன் பக்கம் இழுத்தார்.

1843-ல் எல்லோருமாக இலினாய்ஸில் இருந்த நாவூ என்ற மோர்மன் நகரத்துக்குக் கிளம்புகிறார்கள். வெள்ளையர்களும் இவர்களுமாக ஒரே கூட்டம். பஃபலோவில் கட்டணத் தகராறு வந்து, கறுப்பர்களை மேற்கொண்டு படகில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளையர்கள் போய்விட்டார்கள். இவர்கள் நடந்தார்கள். சும்மா இல்லை, ஏறத்தாழ 800 மைல், அதாவது 1,300 கிலோமீட்டர். செருப்பு தேய்ந்து, பாதம் வெடித்து, மண்ணில் கால் தடம் முழுசாக ரத்தத்தில் பதிந்தது என்று பிற்காலத்தில் சொல்லி எழுதவைத்த தன் வரலாற்றில் சொல்கிறார். பாலமில்லாத ஓர் ஆற்றைக் கழுத்தளவு தண்ணீரில் இறங்கிக் கடந்திருக்கிறார்கள். இலினாய்ஸில் பியோரியாவில் அதிகாரிகள் மறித்து, சுதந்திரச் சீட்டு எங்கே, இல்லாவிட்டால் ஜெயில் என்று மிரட்டியபோது, எங்களுக்கு முதலில் புரியவே இல்லை, நாங்கள் என்றைக்கும் அடிமையாக இருந்ததில்லையே என்கிறார். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

நாவூ போய்ச் சேர்ந்ததும் ஜோசப் ஸ்மித் வீட்டுக்கே போகிறார்கள். இந்தச் சின்னக் கூட்டத்துக்குத் தலைவி நீதானே என்று அவர் ஜேனிடமே கேட்க, ஆமாம் என்கிறார். மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் வேலையும் இருக்க இடமும் கிடைத்துவிட்டன, ஜேனுக்கு மட்டும் இல்லை. முன்கூட்டியே அனுப்பிய துணிப்பெட்டியும் வந்து சேரவில்லை. உடுத்திய துணியோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவரை, ஸ்மித்தின் மனைவி எம்மா வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார். அங்கே இருந்தபோதுதான் எம்மா ஒருநாள், உன்னை எங்கள் பிள்ளையாகச் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாராம். அதாவது சடங்கு மூலமாக, மறுமைக்கும் சேர்த்து. ஜேனுக்கு அது என்னவென்றே புரியாமல் வேண்டாம் என்றுவிட்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1844 ஜூனில் ஸ்மித்தை கார்த்தேஜ் சிறையில் ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. ஜேன் இதற்கிடையில் ஐசக் ஜேம்ஸ் என்ற சுதந்திரமான கறுப்பரைக் கல்யாணம் செய்துகொண்டார். 1846-ல் மோர்மன்கள் நாவூவைக் காலி செய்தபோது ஜேன் கர்ப்பமாக இருந்தார். மகன் சைலஸ் அயோவாவில் வழியிலேயே பிறந்தான். 1847 செப்டம்பரில் சால்ட் லேக் வந்து சேர்ந்தபோது வயிற்றில் அடுத்த குழந்தை.

நடுவில் இன்னொன்று சொல்ல வேண்டும். ஜூலையில் வந்த முதல் கூட்டத்திலேயே மூன்று கறுப்பர்கள் இருந்தார்கள். கிரீன் ஃபிளேக், ஹார்க் லே, ஆஸ்கர் கிராஸ்பி. மூவரும் அடிமைகள். வண்டிக்கு வழி வெட்டியதில் அவர்கள் கை உண்டு.

---

தாமிரா:

பழையஏடு சொன்னதோடு ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறேன், எனக்கு இந்தக் கதையில் மறக்கவே முடியாத இடம் அதுதான்.

குடியேறிய முதல் சில வருஷங்கள் ஊரே பட்டினி. 1848-ல் பயிரைப் பூச்சிக் கூட்டம் தின்றுவிட்டது. என் பிள்ளைகள் ரொட்டிக்கு அழ, கொடுக்க ஒன்றுமில்லாமல் நின்றதுதான் எல்லாக் கஷ்டத்திலும் கூர்மையான கஷ்டம் என்று ஜேன் சொல்லியிருக்கிறார். இந்த நிலையில் 1849 ஏப்ரலில் எலைசா லைமன் என்ற பெண் தன் நாட்குறிப்பில் எழுதுகிறார்: கணவர் ஊழியத்துக்காகக் கலிஃபோர்னியா கிளம்பிவிட்டார், வீட்டில் ரொட்டி சுட மாவு இல்லை. சில நாள் கழித்து இன்னொரு குறிப்பு: கறுப்பினப் பெண் ஜேன் ஜேம்ஸ் இரண்டு பவுண்டு மாவு கொடுத்தாள், அவளிடம் இருந்ததில் பாதி அது.

இந்த எலைசாவின் கணவர் அமாசா லைமன் சாதாரண ஆள் இல்லை, சபையின் பன்னிரண்டு அப்போஸ்தலர்களில் ஒருவர். அதாவது மேல்தட்டுக் குடும்பம். அவர்கள் வீட்டு அடுப்பு எரிய ஜேன் வீட்டுப் பானையிலிருந்து ஒரு கிலோவுக்கும் கொஞ்சம் குறைவான மாவு போயிருக்கிறது. இன்னொரு விஷயம், ஜேனும் எலைசாவும் முன்பே பழக்கம். நாவூவில் ஸ்மித் வீட்டில் ஜேன் வேலை செய்தபோது எலைசாவும் அங்கேதான் இருந்தார், ஸ்மித்தின் ரகசிய மனைவிகளில் ஒருவராக. அந்த ரகசிய மனைவிகளே இதைத் தன்னிடம் சொன்னதாக ஜேனே சொல்லியிருக்கிறார். அதனால் இதை யாரோ முன்பின் தெரியாத ஏழைக்குக் கொடுத்த தர்மம் மாதிரி படிக்காதீர்கள், ஒரே கூரைக்குக் கீழே இருந்த இரண்டு பெண்களுக்கு இடையே நடந்தது. இப்போது சபை விழாக்களில் இந்த மாவுக் கதையைத்தான் அதிகம் சொல்கிறார்கள். சொல்வதற்கு வசதியான கதை, யாருக்கும் சங்கடமில்லை.

---

வெட்டிஆபீசர்:

எல்லாம் சரி, மாவு கொடுத்தார், நடந்தார், அழுதார். ஆனால் கேட்ட கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லையே. நேராகச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள், எனக்கு இதில் வியப்பதற்கு ஒன்றும் தெரியவில்லை. உன்னை உள்ளே விட மாட்டேன் என்று சொன்னவன் வாசலிலேயே அறுபது வருஷம் நின்றிருக்கிறார். அதைப் போய் 'அசைக்க முடியாத விசுவாசம்' என்று கொண்டாடுவது யாருக்கு லாபம்? உள்ளே விடாதவனுக்குத்தான். பாருங்கள், எவ்வளவு அவமானப்படுத்தினாலும் எங்களை விட்டுப் போகவில்லை என்று சிலை வைத்துக்கொள்ளலாம். 2022-ல் இங்கே கறுப்பின முன்னோடிகளுக்குச் சிலை வைத்தபோது ஜேனுக்கும் வைத்தார்கள்.

கறுப்பர்களுக்கான இந்தத் தடையும் ஆரம்பத்திலிருந்து வந்தது இல்லை. எலைஜா ஏபெல் என்ற கறுப்பருக்கு ஸ்மித் காலத்திலேயே, 1836-ல், குருத்துவப் பட்டம் (சபைச் சடங்குகளை நடத்தும் அதிகாரம்) கொடுத்திருக்கிறார்கள். பிரிகாம் யங்தான் 1852-ல் யூட்டா சட்டசபையில் நின்று கறுப்பர்களுக்குக் குருத்துவம் கிடையாது என்று அறிவித்தார். அதே கூட்டத்தொடரில் அடிமை முறைக்கும் சட்டப்பூர்வமாக வழி செய்தார்கள். ஊருக்குள் வந்து ஐந்து வருஷத்தில் இது. அப்போதே கிளம்பியிருக்க வேண்டாமா?

---

பழையஏடு:

ஆபீசர், கிளம்பி எங்கே போவது? 1852-ல் அமெரிக்காவில் ஒரு கறுப்பினக் குடும்பத்துக்கு இதைவிட நல்ல இடம் எது என்று சொல்லுங்கள். இங்கேயாவது நிலம், வீடு, ஆடு மாடு எல்லாம் சேர்த்திருந்தார்கள். அவர் கடவுளை நம்பினார் என்பதையும் கொஞ்சம் மரியாதையோடு எடுத்துக்கொள்ளலாம், நமக்கு அந்த நம்பிக்கை இல்லாவிட்டாலும்.

ஆனால் நீங்கள் சொன்னதில் ஒன்று முக்கியம். 'சகித்துக்கொண்ட பெண்மணி' என்ற சித்திரம் சபைக்குச் சாதகமானது, சந்தேகமில்லை. அந்தச் சித்திரமே தவறு என்பதுதான் என் கட்சி. அவர் சகித்துக்கொண்டு நிற்கவில்லை, தொல்லை கொடுத்துக்கொண்டே இருந்தார்.

உப்புஏரிக்காரன் அடியிலிருந்து கேட்டதால்: மோர்மன்களுக்கு ஞாயிறு வழிபாட்டுக் கூடம் வேறு, ஆலயம் வேறு. கூடத்துக்கு யாரும் போகலாம். ஆலயத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அங்கே இரண்டு பெரிய சடங்குகள், கடவுளிடம் வாக்குறுதிகள் செய்து ஆசீர்வாதம் பெறுகிற எண்டோமென்ட் ஒன்று, கணவன் மனைவி பிள்ளைகளை மறுமைக்கும் சேர்த்துப் பிணைக்கிற சீலிங் ஒன்று. இந்த இரண்டும் இல்லாமல் மேலான சொர்க்கம் இல்லை, அங்கே குடும்பமும் இல்லை என்பது அவர்கள் நம்பிக்கை. ஜேனுக்குக் கறுப்பர் என்பதால் இரண்டையும் மறுத்தார்கள். ஆலயத்துக்குள் காலே வைக்கவில்லை என்று சிலர் எழுதுவது சரியில்லை. இறந்துபோன உறவினர்களுக்காக ஞானஸ்நானம் எடுக்க அவரை அனுமதித்தார்கள், எடுத்தார். அதற்கு மேலே படியேற விடவில்லை.

1884 டிசம்பரில் அப்போதைய தலைவர் ஜான் டெய்லருக்குக் கடிதம் போடுகிறார். அதற்கு முன்பு அவர் வீட்டுக்கே நேரில் போயிருக்கிறார். கடிதத்தின் சாரம் இது: என் இனமும் நிறமும் எனக்குத் தெரியும், வெள்ளையர்களைப் போல எனக்கும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது என்றும் தெரியும். ஆனால் ஆபிரகாமின் சந்ததியால் பூமியின் எல்லா ஜாதிகளும் ஆசீர்வதிக்கப்படும் என்று கடவுள் சொல்லியிருக்கிறாரே, எனக்கென்று ஓர் ஆசீர்வாதமும் இல்லையா? பணிவாக ஆரம்பித்து, அவர்களுடைய வேதத்தை எடுத்து அவர்கள் முன்னாலேயே வைக்கிறார் பாருங்கள். எம்மா அன்றைக்குப் பிள்ளையாகச் சேர்த்துக்கொள்ளக் கேட்டதையும் நினைவுபடுத்துகிறார்: அப்போது எனக்குப் புரியவில்லை, இப்போது புரிகிறது, செய்து வையுங்கள்.

பதில் வேறு மாதிரி வந்தது. 1894 மே மாதம் சால்ட் லேக் ஆலயத்தில் சடங்கு நடந்தது, மகளாக அல்ல, ஜோசப் ஸ்மித்துக்கு நித்தியத்துக்கும் வேலைக்காரியாக. இறந்துபோன ஸ்மித்தின் இடத்தில் அவர் தம்பி... இல்லை, அண்ணன் மகன் ஜோசப் எஃப். ஸ்மித் நின்றார். ஜேன் இடத்தில் பாத்ஷிபா ஸ்மித் என்ற வெள்ளைக்காரப் பெண் நின்றார். பதிலாள் வைப்பது மோர்மன்களிடம் செத்தவர்களுக்கு உள்ள வழக்கம். ஜேன் அன்று உயிரோடு, அதே ஊரில் இருந்தார்.

---

உப்புஏரிக்காரன்:

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அந்த அம்மா அதை ஏற்றுக்கொண்டாரா? கணவர் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? அவர்களைப் பற்றிப் பேச்சையே காணோம்.

---

தாமிரா:

கணவர் ஐசக் 1870 வாக்கில் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார், விவாகரத்து. ஜேன் பெரிய வீட்டையும் நிலத்தையும் விட்டுச் சின்ன வீட்டுக்கு மாறினார், வெளுப்பு வேலை செய்து பிழைத்தார். இடையில் இன்னொரு கல்யாணம், அதுவும் நிலைக்கவில்லை. இருபது வருஷம் கழித்து ஐசக் திரும்பி வந்தார், 1891-ல் இறந்தார், இறுதிச் சடங்கு ஜேன் வீட்டிலிருந்துதான் நடந்தது. ஏன் சேர்த்துக்கொண்டார் என்று கேட்காதீர்கள், அவர் எங்கேயும் சொல்லவில்லை. பிள்ளைகளில் இருவரைத் தவிர மற்ற எல்லோரையும் தன் கண் முன்னால் அடக்கம் செய்தார். குடும்பம் மறுமையில் சேர்ந்திருக்குமா என்பது அவருக்கு வெறும் சித்தாந்தக் கேள்வி இல்லை என்பது இதைப் பார்த்தால்தான் தெரியும். 1890 கடிதம் ஒன்றில், தன்னை வாக்கர் லூயிஸ் என்ற கறுப்பின மூப்பரோடாவது பிணைத்துவிடுங்கள் என்றுகூடக் கேட்டிருக்கிறார். லூயிஸுக்கு ஆரம்ப காலத்தில் குருத்துவம் இருந்தது, அதுதான் கணக்கு. ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி யோசித்திருக்கிறார்.

கடைசிக் காலத்தில் கண் ஏறக்குறைய போய்விட்டது. நான் சுமந்ததிலேயே பெரிய சோதனை இதுதான் என்கிறார். 1890-களில் உடன்பிறந்தவரான ஐசக் மேனிங் வந்து கூட இருந்தார். டாபர்நாக்கிள் என்ற சபையின் பெரிய மண்டபத்தில் இருவருக்கும் முன்பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். முன்வரிசை கிடைத்தது, மேலே சொன்ன சடங்கு கிடைக்கவில்லை.

---

பழையஏடு:

ஏற்றுக்கொண்டாரா என்ற கேள்விக்கு: இல்லை. 1894 மே மாதம் வேலைக்காரிச் சடங்கு, அதே வருஷம் அக்டோபரில் தலைவர் வில்ஃபோர்ட் உட்ரஃபிடம் போய் எண்டோமென்ட் கேட்கிறார். அது கடவுளின் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லி மறுத்ததை உட்ரஃப் தன் நாட்குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார். அதற்குப் பிறகும் கடிதங்கள் போயின.

1908 ஏப்ரல் 16-ல் இறந்தார். சபை நாளிதழான டெசரெட் நியூஸ் முதல் பக்கத்தில் செய்தி போட்டது, விசுவாசத்தில் இவரைப் போலப் பேர் பெற்றவர்கள் குறைவு என்று. இறுதிச் சடங்குக்கு எட்டாவது வார்டு (சபையின் உள்ளூர்ப் பிரிவு) கூடத்தில் நிற்க இடமில்லாத கூட்டம், வெள்ளையர்களும் கறுப்பர்களுமாக. அவர் விரும்பியபடி அவருடைய வாழ்க்கை வரலாற்றை வாசித்தார்கள். பேசியவர்களில் முக்கியமானவர் அப்போதைய சபைத் தலைவர், 1894-ல் பதிலாளாக நின்ற அதே ஜோசப் எஃப். ஸ்மித். ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில், ஆமாம், மரியாதையாகத்தான் நடந்தது. சால்ட் லேக் சிட்டி பொது இடுகாட்டில் அடக்கம்.

ஆனால் அதே 1908 ஆகஸ்டில் நடந்த தலைமைக் கூட்டக் குறிப்பில் ஒரு வரி இருக்கிறது. ஜேனை ஸ்மித் குடும்பத்துக்கு வேலைக்காரியாகப் பிணைத்ததைச் சொல்லிவிட்டு, அதில் அவருக்குத் திருப்தி இல்லை, மறுபடியும் விண்ணப்பித்தார், பலனில்லை என்று இதே தலைவர் சொல்கிறார். சவப்பெட்டியின் முன்னால் புகழ்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. ஆபீசர், உங்கள் 'வாசலில் நின்றவர்' வாதத்துக்கு இதுதான் என் பதில். திருப்தியில்லை என்று மறுத்தவர்கள் வாயாலேயே பதிவாகியிருக்கிறது.

---

வெட்டிஆபீசர்:

அந்த ஆகஸ்ட் குறிப்பு எனக்குப் புதுசு, நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். அப்படியும் என் கருத்து முழுசாக மாறவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார், சரி. கேட்டது யாரிடம்? கொடுக்க மாட்டேன் என்று முடிவு கட்டியவர்களிடம். தடையை எடுத்தது 1978 ஜூனில்தான். ஜேன் செத்து எழுபது வருஷம். அதுவும் அவர் கடிதத்தால் இல்லை, பிரேசில் மாதிரி இடங்களில் யார் கறுப்பர் யார் இல்லை என்று பிரிக்கவே முடியாமல் போனதும் ஒரு காரணம்.

---

தாமிரா:

1978-க்கு அடுத்த வருஷமே, 1979-ல், ஜேனுக்காகப் பதிலாள் வைத்து எண்டோமென்ட் செய்தார்கள். இந்தத் தடவை பதிலாள் வழக்கப்படி, ஆள் இறந்த பிறகு. 1999-ல் கல்லறையில் புது நினைவுக்கல் வைத்தார்கள். அந்தச் சடங்கு அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டால், ஒரு மோர்மன் போய்ச் சேர்ந்தது என்பார், ஆபீசர் இல்லை என்பார். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

உப்புஏரிக்காரன், ஊரிலேயே இருக்கிறீர்கள், அவர் சொல்லி எழுதவைத்த வரலாற்றைச் சபையின் ஆவணக் காப்பகம் இணையத்தில் போட்டிருக்கிறது, தேடிப் படியுங்கள். சின்னது, ஒரே மூச்சில் முடித்துவிடலாம். அதோடு 1884 கடிதத்தையும் கட்டாயம் சேர்த்துப் படியுங்கள். வரலாற்றில் புகார் என்று ஒரு வார்த்தை இருக்காது, விசுவாசம் முன்பைவிட உறுதியாக இருக்கிறது, காணிக்கை ஒழுங்காகக் கட்டுகிறேன், சீக்கிரம் படுத்துச் சீக்கிரம் எழுகிறேன் என்றெல்லாம் வரும். அதை மட்டும் படித்தவர்கள்தான் 'பொறுமைசாலி ஜேன்' என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.